வெறும் இடத்தை முதலில் கீறுங்கள்: கொழும்பில் புது வீடு கட்டப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளைப் பக்கங்களில் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். காணி உறுதியோடு வந்து இருக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் "எத்தனை அறை வரும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் மறுபக்கத்தில் இருந்து தொடங்கச் சொல்வேன். கட்டாமல் விடப் போகிற இடம் எது என்று முதலில் முடிவெடுங்கள். அறையைப் பிறகும் பெருப்பிக்கலாம், தடுக்கலாம், மேலே ஏற்றலாம். காற்றும் வெளிச்சமும் வரும் வழியை ஒருமுறை அடைத்துவிட்டால், சுவரை உடைக்காமல் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

எங்களிடம் 6 பேர்ச் காணிதான் இருக்கிறது. மூன்று படுக்கையறை வீடு வருமா?

இரண்டு மாடி என்றால் தாராளமாக வரும். கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 6 பேர்ச் ஏறக்குறைய 1,633 சதுர அடி. உங்கள் காணி 32 அடி முகப்பும் 51 அடி நீளமும் என்று வைத்துக்கொள்வோம். காணியில் 65 வீதத்துக்கு மேல் மூடக்கூடாது என்ற அளவோடுதான் நான் வீட்டுப் படங்களைத் தொடங்குவது. அப்படியென்றால் நிலத்தில் ஏறக்குறைய 1,060 சதுர அடி கட்டலாம், 570 சதுர அடியை வெறுமையாக விட வேண்டும்.

பின்பக்கம் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி விட வேண்டும். 32 அடி அகலத்துக்கு அதுவே 240 சதுர அடியைத் தின்றுவிடும். மிஞ்சுவது 330 சதுர அடி. அதை எங்கே விடுவது? முழுவதையும் முன்னால் விட்டு கேற்றுக்கும் கதவுக்கும் இடையில் சீமெந்துத் தரை போடலாம். ஒரு பக்கத்தில் மூன்றடி ஓடையாக இழுக்கலாம். பாதியை நடுவில் முற்றமாக வைக்கலாம். வீடு நல்லதா கெட்டதா என்பது என் அனுபவத்தில் இந்த 330 சதுர அடியில்தான் முடிவாகிறது. ஆனால் நான் பார்க்கிற பத்துப் படங்களில் எட்டில் அது தற்செயலாக மிஞ்சிய இடமாகவே கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஒழுங்கைக்கு வீதி அகலிப்புக் கோடு இருந்தால் முன்பக்கத்தில் சில அடிகள் போய்விடும். மாநகர சபையில் அதைக் கேட்டறியாமல் ஒரு கோடு கூடக் கீறக்கூடாது.

படம் கீற வரும்போது நாங்கள் எதைக் கொண்டுவர வேண்டும்?

நில அளவையாளர் கீறிய காணிப் படம் கட்டாயம். அதோடு, இணையத்தில் சேர்த்த அழகான முகப்புப் படங்களுக்குப் பதிலாக, உங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதிக் கொண்டுவாருங்கள். உண்மையான நாளை.

காலை ஐந்தரைக்கு யார் எழும்புகிறார்? அந்த நேரம் குசினி லைட் போட்டால் யாருடைய நித்திரை குழம்பும்? ஆறேகாலுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வான் வரும்போது ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பாத்ரூம் வேண்டும்? சப்பாத்து எங்கே கழற்றுகிறீர்கள், குடை எங்கே ஒழுகுகிறது? மாமி பகலில் எங்கே இருந்து மரக்கறி வெட்டுகிறார், அங்கிருந்து வாசலில் ஆள் வருவது தெரிய வேண்டுமா? பின்னேரம் ரியூசனுக்கு வேறு பிள்ளைகள் வருவார்களா? இரவு எட்டு மணிக்கு ஒருவர் நாடகம் பார்க்க, இன்னொருவர் சோதனைக்குப் படிக்க, மூன்றாமவர் கனடாவில் இருக்கும் தங்கச்சியோடு சத்தமாகக் கதைக்க, இந்த மூன்றும் நடக்குமா?

அடுத்து, வருடத்தில் சில நாட்கள். ஆடி, ஆவணியில் ஐரோப்பாவிலிருந்து வரும் உறவுகள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டில் நாலு நாள் தங்குவார்களா? அந்தியேட்டி, பிறந்தநாள், பெண் பார்க்க வருவது என்று முப்பது பேர் கூடும் நாளில் அவர்கள் எங்கே இருப்பார்கள்? அந்த முப்பது பேருக்காகப் பெரிய ஹோல் கட்டச் சொல்லவில்லை. ஹோலுக்கும் விறாந்தைக்கும் இடையில் மடக்குக் கதவு வைத்தால், சாதாரண நாளில் சிறிய ஹோல், விசேட நாளில் பெரிய ஹோல்.

இந்தக் குறிப்பு கையில் இருந்தால் படம் பாதி முடிந்த மாதிரி. ஒரு தாயார் எழுதிக் கொண்டுவந்த தாளில், "இரவு வேலை முடித்து மகன் ஒரு மணிக்கு வருவான், அவன் சாப்பிடும்போது அப்பா எழும்பக்கூடாது" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக அப்பாவின் அறையை முன்பக்கத்துக்கு மாற்றினோம்.

எந்தப் பக்கம் பார்த்து வீடு அமைந்தால் காற்று வரும், வெயில் வராது?

கொழும்பின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து வருகிறது. கடற்காற்றும் மேற்கிலிருந்து வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்று மழையையும் அதே பக்கத்தால் அடித்துக்கொண்டு வருகிறது. வெயிலுக்குப் பயந்து மேற்கை முழுக்க அடைத்தால் காற்றையும் அடைத்துவிடுவீர்கள். காற்றுக்கு ஆசைப்பட்டுப் பெரிய கண்ணாடி வைத்தால் நாலு மணிக்கு அந்த அறையில் இருக்க முடியாது.

நான் செய்வது இது. மேற்குச் சுவரில் படிக்கட்டு, பாத்ரூம், அலுமாரி அறை ஆகியவற்றை வைத்து வெயிலை அவை தாங்கும்படி விடுவேன். அவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு இடங்களில் காற்றுக்கு வழி விடுவேன்: ஒடுக்கமான, உயரமான யன்னல், மேலே மூன்றடி தாழ்வாரம் அல்லது கொங்கிறீட் மூடு. எதிர்ப்பக்கச் சுவரில் அந்தக் காற்று வெளியேற இன்னொரு வாய் கட்டாயம் வேண்டும். வெளியேற வழி இல்லாத அறைக்குள் காற்று நுழையாது. யன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. அறைக் கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் விடும் பழைய பழக்கத்தை ஏசி வந்த பிறகு எல்லாரும் கைவிட்டார்கள். மூடித் திறக்கும் சிறு யன்னலாக அதை வைத்தால் ஏசி போடும்போது மூடலாம், மற்ற நேரம் திறக்கலாம்.

காலி வீதி கடலோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதிலிருந்து பிரியும் வெள்ளவத்தை ஒழுங்கைகள் பெரும்பாலும் கடலை நோக்கியும் உள்நாட்டை நோக்கியும் கிழக்கு மேற்காகப் போகின்றன. அதனால் அந்த ஒழுங்கைகளில் உள்ள வீடுகள் வடக்கு அல்லது தெற்குப் பார்த்தவை. மேற்கில் அயல் வீட்டு மதில் அல்லது அடுக்குமாடி. அது வெயிலை மறைப்பது நல்லது, காற்றையும் மறைப்பது கெட்டது. அப்படியான காணியில் ஒழுங்கை வழியே ஓடும் காற்றைப் பிடிக்க மேல்மாடி முகப்பில் விறாந்தை வைப்பதுதான் கைகொடுத்திருக்கிறது.

தெற்கும் வடக்கும் எப்படி? கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. ஏப்பிரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். நடுவில் உள்ள ஐந்து மாதம் வடக்குப் பக்கம் சாயும், மற்ற ஏழு மாதம் தெற்குப் பக்கம் சாயும். இரண்டு பக்கத்திலும் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் இரண்டரை அடித் தாழ்வாரமே பெரும்பாலும் போதும். வீட்டைச் சுட வைப்பது உண்மையில் கூரை. மேல்மாடிக்கு மொட்டைச் சிலப்பை, அதாவது கொங்கிறீட் தட்டை, மட்டும் போட்டு விட்டுவிட்டால் பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இரவில் உங்கள் கட்டிலின் மேல் இறக்கும். சிலப்புக்கு மேலே இன்னொரு சாய்ந்த கூரை, நடுவில் காற்றோட்டம்: இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம்.

முற்றம் வைத்தால் இடம் வீணாகாதா?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களே கேட்கும்போது எனக்கு மனம் நோகும். அங்கே முற்றம்தான் வீடு. நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் வானம், மழை பெய்தால் பீலியில் விழுந்து ஓடும் தண்ணீர். 

கொழும்பில் முற்றத்துக்குக் காரணம் வெளிச்சம். யன்னல் மேல்விளிம்பு ஏழடி என்றால், வெளிச்சம் உருப்படியாக உள்ளே போவது அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான்: பதினைந்து, பதினேழு அடி. மேலே சொன்ன காணியில் வீடு 35 அடி நீளம் வந்தால், இரண்டு பக்கமும் எல்லைச் சுவர், அதில் யன்னல் வைக்க முடியாது. முன்யன்னலும் பின்யன்னலும் தருவதைக் கழித்தால் நடுவீடு இருட்டு. அந்த இருட்டில் பகலிலும் லைட் எரியும், புழுங்கும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். நடுவில் 8 அடிக்கு 10 அடி திறந்தால் ஹோல், சாப்பாட்டு இடம், படிக்கட்டு, மேலே இரண்டு அறைகள், இத்தனைக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. 80 சதுர அடி கொடுத்து ஐந்து இடங்களை வாழ வைக்கிறீர்கள்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேசில் எனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு முற்றத்தைச் சுற்றி உள்நோக்கிப் பார்த்த வீடு. பிற்காலத்தில் அது கழற்றப்பட்டு, பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் திரும்பக் கட்டப்பட்டது. பெரிய காணிதானே என்பீர்கள். பகத்தலை வீதியில், 33ஆம் ஒழுங்கையில் உள்ள அவருடைய சொந்த வீட்டைப் பாருங்கள். ஒரு வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இணைத்தது அது. உள்ளே நடந்தால் சின்னச் சின்ன வெளிகள், ஒவ்வொன்றிலும் மேலிருந்து விழும் வெளிச்சம். ஆறடி வெளி கூட ஒரு வீட்டை மாற்றும் என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

முற்றம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் கொட்டும் மழை என்று கணக்குப் பாருங்கள். 80 சதுர அடியில் மட்டும் ஏறக்குறைய 740 லீற்றர் விழும். சுற்றியுள்ள கூரையும் உள்ளே சரிந்தால் அது பல மடங்கு. எனவே முற்றத் தரை வீட்டுத் தரையை விட ஆறு அங்குலமாவது தாழ வேண்டும். தண்ணீர் போக இரண்டு வாய் வேண்டும். ஒன்றை இலை அடைத்தால் மற்றது வேலை செய்யும். தொட்டி, குளம் எல்லாம் வேண்டாம், டெங்கு நுளம்புக்கு அது போதும். பாதுகாப்புக்கு மேல்மாடி மட்டத்தில் கம்பி வலை போடலாம். கண்ணாடியால் முழுக்க மூடிவிடாதீர்கள். மூடினால் வெளிச்சம் வரும், ஆனால் சூடு வெளியேறாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

குசினி எங்கே, எப்படி?

எங்கள் சமையலுக்கு ஏற்ற குசினியை யாரும் கடைகளில் காட்டுவதில்லை. அங்கே இருப்பது பண்டிரி அலுமாரி. அதில் மீன் பொரித்தால் வீடு முழுக்க மூன்று நாள் மணக்கும்.

கொஞ்சம் இடம் இருந்தாலும் இரண்டாகப் பிரியுங்கள். உள்ளே தேத்தண்ணி, சோறு, சூடாக்கல், பிரிட்ஜ். பின்னால், கூரை இருந்து பக்கம் திறந்த இடத்தில், பொரியல், தாளிப்பு, தேங்காய் துருவல், மீன் வெட்டல். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு பைப்பும் தண்ணீர் ஓட வழியும் வைத்தால் மீன் கழுவும் வேலை சிங்கை விட்டுப் போகும். ஆனால் பின்பக்கம் விட வேண்டிய ஏழரை அடிக்குள் கூரை இழுத்து இந்த வெளிக்குசினியைச் செய்யாதீர்கள். பலர் செய்கிறார்கள். சட்டப்படி பிழை, அதோடு முன் யன்னலால் வந்த காற்று வெளியேறும் வாயும் அதுதான். 65 வீதத்துக்குள் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

அளவுகள்: மேடை அகலம் 2 அடி. உயரம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து நாலு, ஐந்து அங்குலம் கீழே. எங்கள் பெண்களில் பலருக்கு 2 அடி 9 அங்குலம் பொருந்தும். இரண்டு பக்கமும் மேடை என்றால் நடுவில் நாலடி, அதைவிடக் குறைந்தால் இருவர் ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். சிங்க், அடுப்பு, பிரிட்ஜ் மூன்றுக்கும் இடையே கதவு வழி குறுக்கே போகக் கூடாது. கொதிக்கிற கறிச்சட்டியோடு திரும்பும்போது பிள்ளை குறுக்கே ஓடி வரும் வழி அது.

12.5 கிலோ காஸ் சிலிண்டரை வெளியே, நிழலில், காற்றோட்டமான கூட்டில் வையுங்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே குசினியின் கீழ்ப்பகுதியில் ஒரு காற்றுத் துவாரம் தேவை. மேலே மட்டும் புகைபோக்கி வைப்பது போதாது. 2021 கடைசியில் வீடுகளில் அடுத்தடுத்து நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகாவது இதை நாங்கள் மறக்கக் கூடாது.

அம்மா அப்பாவுக்கு எந்த அறை?

கீழே. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. இன்று அவர்கள் படி ஏறலாம், இன்னும் பத்து வருடத்தில்? நீங்களும்தான்.

நிலத்தளத்தில் ஒரு படுக்கையறை, அதோடு சேர்ந்த பாத்ரூம். கதவு 3 அடி, பாத்ரூம் கதவும் 3 அடி. இரண்டரை அடிக் கதவால் சக்கர நாற்காலி போவது கஷ்டம். வாசற்படி தடக்காமல் தரையைச் சிறு சரிவாக எடுங்கள். பாத்ரூமில் தோயும் இடத்தையும் மலசலகூடத்தையும் பிரித்தால் தரை காய்ந்திருக்கும், வழுக்கி விழுவது குறையும். கைபிடி பின்னர் பூட்டலாம், ஆனால் அந்தச் சுவரை இப்போதே உறுதியாகக் கட்ட வேண்டும்.

அந்த அறையை வீட்டின் மூலைக்குத் தள்ளாதீர்கள். கட்டிலில் இருந்து முற்றமோ ஒழுங்கையோ தெரிய வேண்டும். நடமாட்டம் குறைந்தவருக்கு ஆட்களின் வரத்துப்போக்குத்தான் பொழுது. பெற்றோர் கூட இல்லாத குடும்பம் என்றால் இதே அறை விருந்தினருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆகும்.

படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

பலருடைய படத்தில் படிக்கட்டு ஏறாது. கீறியவர் குத்துமதிப்பாக ஆறு கோடு போட்டு விட்டிருப்பார். கணக்கு இப்படி: தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படி ஏற்றம் ஏழு அங்குலம் என்றால் 17 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கம் 8 படி, மற்றப் பக்கம் 7. மிதிக்கும் அகலம் 10 அங்குலம், எனவே 8 படிக்கு 6 அடி 8 அங்குலம். திரும்பும் மேடை 3 அடி. மொத்த நீளம் ஏறக்குறைய 9 அடி 8 அங்குலம், அகலம் ஆறரை அடி. இதற்குக் குறைந்த பெட்டிக்குள் அடக்கினால் படி செங்குத்தாகும். கட்டில், அலுமாரி மேலே ஏற வேண்டும் என்பதையும் நினையுங்கள்.

வட்டமான திருகு படி வேண்டாம். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றால் கீழே மிஞ்சும் இடத்தில் தண்ணீர் மோட்டர், இன்வேர்ட்டர், தும்புத்தடி எல்லாம் போகும். பிறகு ஒரு காலத்தில் மேல்மாடியை வாடகைக்கு விட நினைத்தால் படிக்கட்டு முன்வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டு நடுவில் இருந்து ஏறும் படி அந்த வழியை அடைத்துவிடும்.

அறைகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தளபாடத்தை முதலில் கீறுங்கள், சுவரைப் பிறகு. ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில், இரண்டு பக்கமும் நடக்க இரண்டரை அடி, கால்மாட்டில் மூன்று அடி, இரண்டடி ஆழ அலுமாரி. இதைக் கூட்டினால் 10 அடிக்கு 11 அடி வரும். 10க்கு 12 தாராளம். பிள்ளைக்கு 9க்கு 10 போதும், படிப்பு மேசை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருந்தால்.

படத்தில் எழுதியிருக்கும் அளவு சுவருக்கு உள்ளேயா, சுவர் நடுவிலிருந்தா என்று கேளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நடுக்கோட்டில் 10 அடி என்று எழுதிய அறை, உள்ளே 9 அடி 3 அங்குலம்தான். பூச்சுப் பூசினால் இன்னும் குறையும். அலுமாரியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

கதவு அறையின் மூலையில், சுவருக்கு அண்மையாக இருக்கட்டும். நடுவில் கதவு வைத்த அறையில் எந்தச் சுவரும் முழுசாகக் கிடைக்காது.

கார்?

ஒரு காருக்கு 8 அடிக்கு 16 அடி குறைந்தபட்சம். கதவைத் திறந்து வயதானவர் இறங்க வேண்டுமென்றால் 10 அடி அகலம். மேல்மாடி விறாந்தையின் கீழே நிறுத்துங்கள், வீட்டுக்குள் கராஜ் கட்டி நிலத்தளத்தின் நல்ல வெளிச்சத்தைக் காருக்குக் கொடுக்காதீர்கள்.

பாத்ரூம்களை எப்படி அமைப்பது?

ஒன்றுக்கு மேல் ஒன்று, குசினிக்குப் பக்கத்தில். பைப் எல்லாம் ஒரே ஓடையால் இறங்கும், செலவு குறையும், ஒழுக்கு வந்தால் தேட இலகு. சாப்பாட்டு மேசைக்கு மேலே மேல்மாடி மலசலகூடம் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தாங்கியையும் அதே இடத்தின் மேலே வைக்கலாம்; 1,000 லீற்றர் தாங்கியில் தண்ணீரே ஒரு தொன், எனவே அதைத் தாங்கும் பீம் படத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் வெளிக்காற்று படும் யன்னல் வேண்டும். மின்விசிறியை நம்பினால் மின்வெட்டு நாளில் தெரியும். மாநகர எல்லைக்கு வெளியே பல இடங்களில் கழிவுநீர்க் குழாய் இல்லை, செப்டிக் டாங்கைத் துப்புரவாக்கும் பவுசரின் குழாய் எட்டும் இடத்தில் அதை வையுங்கள்.

உடுப்பு எங்கே காயப்போடுவது?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, எல்லாரும் கேட்க வேண்டியது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தோறும் இடியோடு மழை. பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு அடுத்த நாள் காய்ந்திருக்க வேண்டும். மேல்மாடியின் பின்பக்கத்தில் கூரையுள்ள, இரு பக்கம் திறந்த 5 அடிக்கு 8 அடி இடம் ஒதுக்கி, வாஷிங் மெஷினையும் அங்கேயே வையுங்கள். தூவானம் படாமல் தாழ்வாரத்தை இறக்கி விடுங்கள். அந்த இடம் இல்லாத வீட்டில் ஹோல் கதிரை எல்லாம் உடுப்புக் கொடிதான்.

வாஸ்து, நிலையம் எல்லாம் பார்க்க வேண்டுமா? சாமி அறை?

பார்க்க வேண்டும் என்று குடும்பத்தில் ஒருவர் நம்பினாலும் பாருங்கள், ஆனால் படம் கீறுவதற்கு முன் பாருங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு சாத்திரியார் வந்து கதவை மாற்றச் சொன்னால் செலவும் மனக்கசப்பும் மிஞ்சும். ஈசான மூலையான வடகிழக்கைச் சாமிக்கு விடுவதும், அக்கினி மூலையான தென்கிழக்கில் அடுப்பு வைப்பதும் கொழும்பு வீட்டுக்கு வசதியானவையே. காலை வெளிச்சம் சாமி அறையில் விழும். தென்மேல் காற்று குசினிப் புகையை வீட்டுக்குள் தள்ளாமல் கிழக்குப் பக்கத்தால் கொண்டுபோகும். அடுப்பைத் தென்மேற்கில் வைத்தால்தான் வீடு முழுக்கப் புகை.

தெற்குப் பார்த்த வாசல் என்று சிலர் நல்ல காணியையே விட்டுவிடுகிறார்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பாதி வீடுகள் தெற்குப் பார்த்தவை, அவற்றில் நல்ல வாழ்வு வாழ்ந்த குடும்பங்களை நான் அறிவேன். மனம் கேட்காவிட்டால் விறாந்தையில் ஏறி, பக்கவாட்டில் திரும்பிக் கிழக்குப் பார்த்த கதவால் உள்ளே போகும்படி அமைக்கலாம். அப்படிச் செய்தால் ஒழுங்கையில் போகிறவர் பார்வையும் ஹோலுக்குள் நேரே விழாது.

சாமி அறைக்கு 4 அடிக்கு 5 அடி போதும். கற்பூரப் புகை போக உயரத்தில் சிறு யன்னல் தேவை. பாத்ரூம் சுவரோடு ஒட்டாமல் பாருங்கள். இடமே இல்லையென்றால் கதவுள்ள மாடம் ஒன்று போதும், விளக்குச் சுவாலைக்கு மேலே மரப்பலகை வராமல்.

எங்கள் காணி கொலன்னாவைப் பக்கம். வெள்ளத்துக்கு என்ன செய்வது?

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பக்கம் வீடுகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. காணி வாங்கும்போது அயலில் பழைய வீட்டுக்காரரிடம் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே ஒன்றரை அடியில் உங்கள் தரை மட்டம் வரட்டும்.

அவ்வளவு உயர்த்த முடியாவிட்டால் நிலத்தளத்தை நனைந்தாலும் பிழைக்கும்படி அமைக்க வேண்டும். பிளக் பொயின்ற் எல்லாம் நாலடி உயரத்தில், மின்சாரப் பெட்டி மேல்மாடியில், நிலத்தளத்தில் பலகை அலுமாரிக்குப் பதில் கொங்கிறீட் தட்டு, உறுதிப் பத்திரமும் சாமான்களும் மேலே. மேல்மாடியில் ஒரு சிறு அடுப்படியும் மலசலகூடமும் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கலாம். காணிக்கு மண் நிரப்ப நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். சதுப்பு நிலத்தையும் கால்வாய் ஓரத்தையும் நிரப்புவதற்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு லோட் மண்ணும் அயலவர் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளும்.

அனுமதிக்கு எங்கே போக வேண்டும்?

உங்கள் காணி எந்த மாநகர சபைக்கு, நகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்கு உட்பட்டதோ அங்கே. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளைத்தான் அவர்கள் பிரயோகிப்பார்கள்; 2021இல் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய படத்தை வைத்துக்கொண்டு "அண்ணன் வீட்டுக்கு இப்படித்தான் விட்டார்கள்" என்று வாதாட வேண்டாம். வேலை முடிந்ததும், அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுங்கள். அதை எடுக்காமல் குடியேறியவர்கள் பிறகு வீட்டை விற்கவோ வங்கிக் கடன் எடுக்கவோ போகும்போது அலைகிறார்கள்.

இப்போது ஒரு மாடி, பிறகு மற்றது என்றால்?

அத்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு மாடிக்கு இப்போதே போடுங்கள், பொறியியலாளரின் கணக்கோடு. படிக்கட்டின் இடத்தில் சிலப்பைத் திறந்து விட்டு, மேலே தகட்டுக் கூரை போட்டு விடலாம். மேல்மாடி பாத்ரூமுக்கான பைப்பையும் இப்போதே கொண்டுபோய் மூடி வையுங்கள். சிறிதாகக் கட்டுவதில் தவறே இல்லை. 2022இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது பெரிய வீட்டைத் தொடங்கியவர்கள் பலர் பூச்சில்லாத சுவரோடு நின்றார்கள்.

படம் சரியா என்று கட்டுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

காணியைத் துப்புரவாக்கி, சுண்ணாம்புத் தூளும் கயிறும் எடுத்துக்கொண்டு போய் முழுப் படத்தையும் நிலத்தில் கீறுங்கள். கதவுகளுக்கு இடைவெளி விடுங்கள். குடும்பத்தில் எல்லாரும் வரட்டும், அம்மம்மாவும். ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கட்டில் இருக்கும் இடத்தில் போட்டு அவரை இருத்துங்கள். குசினிக் கோட்டுக்குள் நின்று சட்டி இறக்குவது போல் திரும்பிப் பாருங்கள். கேற்றிலிருந்து அரிசி மூட்டையோடு நடந்து வாருங்கள்.

வெறும் கோடாகப் பார்க்கும்போது எல்லா அறையும் சிறிதாகத்தான் தெரியும், அதற்குப் பயந்து முற்றத்தை வெட்டாதீர்கள். சுவர் எழும்பினால் அறை பெருக்கும். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்றரைக்கு ஒருமுறை போங்கள். இரண்டாவது தடவை மேற்குக் கோட்டில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெயில் முகத்தில் எங்கே படுகிறது, காற்று எந்த இடைவெளியால் வருகிறது என்று பார்த்து, யன்னலின் இடத்தைக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். அந்தக் கம்புகளை அளந்து கொண்டுவாருங்கள், படத்தை நான் மாற்றித் தருகிறேன்.